நான்கு கறுப்பு விளிம்புகள்

மூன்று திருகுகளில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது சுற்றுகிறதே தவிர வெளியே வரமாட்டேன் என்கிறது. வீடியோக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு எல்லாத் திருகும் பின்னணிப் பாட்டுக்கு ஏற்றபடி கழன்று கையில் விழுந்தது, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கைப் பிடித்து ஒரு இழு இழுத்தார், வாழைப்பழத் தோல் மாதிரி வந்தது, பாத்தீங்களா மக்களே, வண்டி இப்ப எவ்வளவு க்ளீனா இருக்கு என்றார். ஏழு தடவை பார்த்துவிட்டேன். ஏழு தடவையும் அவர் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே முடித்துவிட்டார், நான் இங்கே பாளையங்கோட்டையில் என் வீட்டு போர்ட்டிகோவில், சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி வெயிலில், நைட்டிக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு முன்பக்க வலது சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன், நாற்பத்துநான்கு வயது முழங்காலுக்கு இது தேவையா என்று கேட்டால் தேவைதான். மெக்கானிக் பாண்டி இந்த பிளாஸ்டிக்கை கிளாடிங் என்கிறார். கல் தெறித்து பெயிண்ட் போகாமல் இருக்க கம்பெனியே நாலு சக்கரத்துக்கும் மாட்டி அனுப்புகிறது. நாலில் ஒன்று உடைந்துவிட்டது, அதனால் நன்றாக இருக்கும் மூன்றையும் கழற்றுகிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை, ஒன்று மட்டும் இல்லாவிட்டால் அது இடித்த வண்டி, நாலும் இல்லாவிட்டால் அது அழகு. புதுசு வர பதினைந்து நாளாகும் என்று பாண்டி சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் சாம்ராஜ் புதன்கிழமை வருகிறார். இந்தத் தடவை லீவுக்கு இல்லை, மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறார், வந்ததும் இந்த வண்டியின் சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். எனக்கு அதுதான் பயம். உடைந்தது தெரிந்துவிடுமோ என்பது கூட இரண்டாவதுதான்.

திருகைக் குறடால் பிடித்து இழுத்துக்கொண்டே திருப்பினேன், வந்துவிட்டது. அதன் தலை தேய்ந்திருந்தது, தேயட்டும். சாவி விஷயத்தில் அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அப்படி இல்லை, அவர் பத்து வருஷமாக வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போகிற மனிதர், ஒவ்வொரு தடவை வரும்போதும் எனக்குச் செருப்பு அளவு சரியாக வாங்கி வருகிற ஆள். வண்டி விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு இது. போன வருஷம் நான் டிரைவிங் ஸ்கூலில் இருபத்தொரு நாள் படித்து லைசென்ஸ் வாங்கிக் காட்டியபோது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், போட்டோ நல்லா விழுந்திருக்கு என்றார், அப்புறம், "லைசென்ஸ் இருக்கட்டும் பியூலா, வண்டி வேண்டாம். நம்ம ஊரு ரோட்டுல உனக்கு முடியாது. நான் இருபது வருஷமா ஓட்டுதேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் கிடையாது, எனக்கே பயமா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவர் அதை மழை வரும் குடை எடுத்துட்டுப் போ என்பது போலச் சொன்னார். போகும்போது ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனார், வளைகுடாவில் இருக்கிற எல்லா வீட்டுக்காரர்களும் செய்கிற ஏற்பாடுதான், வாரம் ஒருநாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் அப்படியே ஓடவிட வேண்டும், நகர்த்தக் கூடாது, பேட்டரி சாகாமல் இருக்க. மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் சனிக்கிழமை நாலு மணிக்கு வீடியோ காலில் வந்துவிடுவார், நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போனை முன்னால் சாய்த்து வைத்து சாவியைத் திருப்ப வேண்டும், அவர் மஸ்கட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். லேசா ஆக்சிலேட்டர் குடு, ம், போதும், பெல்ட் சத்தம் வருதா, இல்ல, சரி. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மற்றதெல்லாம் பேசுவோம், மகள் ரினிஷாவின் ஹாஸ்டல், சபையில் நடந்த கல்யாணம், அவர் அறையில் புதிதாக வந்த ஆள் விடும் குறட்டை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, வாரத்தில் எனக்குப் பிடித்த பத்து நிமிஷம் அதுதான். எட்டு மாதமாக அந்தப் பத்து நிமிஷத்திலும் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஹேர் டிரையரை மூன்றாம் எண்ணில் வைத்துக் காட்டு, கிளாடிங் சூடாகட்டும், ஓரத்தில் சோறு அள்ளும் பிளாஸ்டிக் கரண்டியைக் கொடுத்து நெம்பு. இரும்பு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் பெயிண்டில் கோடு விழுமாம், இது வீடியோக்காரர் சொன்னது, பரவாயில்லை, ஒன்றாவது சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்னால் நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் கேட்டார்கள், பியூலா சிஸ்டர், வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்க ஆள் வேணும், வண்டி இருக்கா என்று. இருக்கு என்று சொல்லிவிட்டேன். வண்டி இருப்பது உண்மை, அது போர்ட்டிகோவில் நிற்கிறது, அவர்கள் அதை ஓட்டுவாயா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு கேட்டைத் திறந்து தெருவுக்குள் பின்னால் எடுத்தேன். முதல் வாரம் மகாராஜநகர் மட்டும். அப்புறம் கே.டி.சி. நகர், கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டிய ஆட்கள், நான் போகிற வரைக்கும் காப்பி குடிக்க முடியாது, எண்பது வயதில் ஒருத்தர் குளித்துத் திருநீறு பூசி முழுக்கைச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் என் காருக்காகக் காத்திருப்பார், கார் நின்றதும் உள்ளே திரும்பி, "சிஸ்டர் வந்தாச்சு, டிகாஷன் இறக்கு" என்பார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போனால் நாலு வீடு முடிப்பேன், ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும், சர்க்கரை உள்ளவர்களுக்கு மயக்கமே வந்துவிடும். இப்போது பதினோரு வீடு. சனிக்கிழமை மட்டும் சீக்கிரம் முடித்துவிடுவேன், நாலு மணிக்கு இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் இல்லையா. அவர் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார் என்று ஒரு பயம், சூடான இன்ஜினுக்கு வேறு சத்தம் உண்டோ என்னவோ. எட்டு மணிக்கெல்லாம் வீடு வந்து பானெட்டைத் திறந்து வைப்பேன், குழம்பு ஆற வைப்பதைப் போல.

டப். ஒரு கிளிப் விட்டுவிட்டது. டப், டப். கை நிறைய தூசி, உள்ளே செம்மண் கட்டி கட்டியாக, ஒரு குளவிக்கூடு வேறு. மொத்தமும் கையோடு வந்துவிட்டது, எதிர்பார்த்ததை விட லேசாக இருந்தது, தரையில் வைத்தால் தொட்டில் ஆடுவது போல் ஆடியது. இந்த டப் பரவாயில்லை, அந்த டக்தான் காதை விட்டுப் போகவில்லை. பன்னிரண்டு நாள் ஆகிறது. முன்னீர்பள்ளத்தில் ஒரு சந்து, எதிரே பால்காரரின் பைக், இரண்டு பக்கமும் கேன், அவருக்கு வழிவிட நான் இடது பக்கம் ஒதுங்கினேன், வீட்டு மூலையில் வண்டி இடிக்காமல் இருக்க நட்டுவைத்த முழங்கால் உயரக் கல் ஒன்று இருந்திருக்கிறது, கண்ணாடியில் தெரியவில்லை, டக். பெரிய சத்தம் கூட இல்லை. முறுக்கு உடைகிற சத்தம். பால்காரர் போய்விட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் இறங்கிப் பார்த்தேன், கறுப்பு பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி டயரில் உரசிக்கொண்டு தொங்கியது, தகரத்தில் நகக்கீறல் அளவுதான். என்ன செய்வது, இன்னும் ஏழு வீடு இருக்கிறது, பையில் இருந்த டூர்னிக்கே ரப்பரை எடுத்து, கையில் நரம்பு தெரியக் கட்டுவோமே அதை, தொங்கியதை மேலே தூக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பினேன், ஏழு வீட்டையும் முடித்தேன், கடைசி ஆளுக்குக் கூட முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது, கை நடுங்கவே இல்லை. அது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த டக் கேட்ட உடனே மனதில் முதலில் வந்தது வண்டியும் இல்லை பால்காரரும் இல்லை, அவர் சொன்னது சரிதான் என்பது. அதுதான் வந்தது. அப்படியே அவர் குரலில், நம்ம ஊரு ரோட்டுல உனக்கு முடியாது. பன்னிரண்டு நாளாக அதைத் துப்பவும் முடியவில்லை முழுங்கவும் முடியவில்லை. ஒருத்தருக்கும் அடிபடவில்லை பியூலா, ஒரு பிளாஸ்டிக் உடைந்தது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்கிறேன், உள்ளே இருந்து ஒரு ஆள், இன்றைக்கு பிளாஸ்டிக், நாளைக்கு யாரோ என்கிறான். எட்டு மாதம் நன்றாக ஓட்டியதற்கு அந்த ஆள் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு டக்குக்கு வந்துவிட்டான்.

இப்போது பார்த்தால், அழகும் இல்லை. கிளாடிங் இருந்த இடத்தில் பெயிண்ட் புத்தம்புதிதாகப் பளபளவென்று இருக்கிறது, வெளியே இருந்ததெல்லாம் ஆறு வருஷ வெயிலில் மங்கியிருக்கிறது, நடுவில் வாட்ச் கழற்றிய கை மாதிரி ஒரு கோடு. வண்டி மெரூன், அடர்ந்த சிவப்பு, சிவப்புதான் சீக்கிரம் வெளுக்கும் என்று பாண்டி சொல்லியிருக்கிறார். அது போக ஆறு ஓட்டை. கிளிப் மாட்டுவதற்காகக் கம்பெனியே போட்ட ஓட்டைகள், வரிசையாக, சட்டைக்குப் பொத்தான் தைக்காமல் விட்ட மாதிரி. இதையும் அந்த மகராசன் காட்டவில்லை, அல்லது காட்டினார், நான் பார்க்கவில்லை, கடைசியில் வேகமாக ஓட்டினாரே அந்த இடமாக இருக்கும். ரத்தம் பிடிக்கிற டியூபின் ஊதா மூடியை வைத்து அடைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், வைத்தும் பார்த்தேன், பெரிது. சரி, ரப்பர் அடைப்பான் கடையில் கிடைக்கும், திங்கட்கிழமை பார்க்கலாம், மங்கின கோட்டுக்கு பாலிஷ் போட்டால் போகிறது. பின்பக்க வலது சக்கரத்துக்கு நகர்ந்தேன். இரண்டாவது என்பதால் கை பழகிவிட்டது, பத்து நிமிஷத்தில் டப் டப் டப், பல் இடுக்கில் விடுகிற நூலை ஒட்டின இடத்தில் கொடுத்து அறுத்தேன், ரம்பம் மாதிரி அப்படி இப்படி இழுத்தால் ரொட்டியில் கத்தி போவது போலப் போகிறது. என்னவென்று சொல்லப்போகிறேன் என்பதையும் தயார் செய்து வைத்திருக்கிறேன். இப்ப எல்லாரும் இப்படித்தான் கழட்டுறாங்க, ரினிஷாதான் சொன்னா, அசிங்கமா இருக்கு இந்தக் கறுப்பு, எடுத்துருங்கம்மான்னா. மகளை இழுப்பது தப்புதான், ஆனால் அவள் பெயரைச் சொன்னால் அவர் மேற்கொண்டு கேட்கமாட்டார். முன்பக்க இடதில் அந்த நகக்கீறலுக்கு அவள் நெயில் பாலிஷிலேயே ஒன்று பொருந்தி வந்தது. எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தேன். நூல் தீர்ந்துவிட்டது, இன்னொரு டப்பா டேஷ்போர்டில் இருக்கிறது, எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் கதவைத் திறந்து கையை நீட்டினேன். எதிரே மீட்டர்.

கிலோமீட்டர். பழைய வண்டி, முள் மீட்டருக்குக் கீழே சின்னப் பெட்டியில் நம்பர், சாவி போடாமலே கதவைத் திறந்தால் எரியும். நாற்பதாயிரத்து முன்னூற்றுப் பதினேழு. அவர் போகும்போது முப்பத்தோராயிரம் சொச்சம். நான் அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் பார்க்கிறேன் இதை. பார்ப்பது மட்டுமா, லேபில் ஒரு படிவம் தருகிறார்கள், காலையில் புறப்படும்போது எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், இன்று காலை கூட எழுதினேன், ஏழு தடவை வீடியோ பார்த்தவள், நெயில் பாலிஷ் கலர் தேடினவள், குளவிக்கூடு வரைக்கும் சுத்தம் பண்ணினவள், போர்ட்டிகோவில் தூங்குகிற வண்டி ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருப்பதை மறந்துவிட்டேன். வண்டியில் ஏறினதும் அவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். சிரிப்பு வந்தது, தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. மணி மூன்றேகால். கழற்றினதை மாட்டிவிடலாமா, மாட்டினாலும் ஒன்று உடைந்தது உடைந்ததுதான், மாட்டாவிட்டாலும் நம்பர் நம்பர்தான். இதற்கா பன்னிரண்டு நாள் தூங்காமல் கிடந்தேன். புதன்கிழமை மாலை எப்படி இருக்கும் என்று தெரிகிறது. திட்டமாட்டார். மீட்டரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், இறங்கி ஒரு சுற்று சுற்றி வருவார், கல்லில் உரசின இடத்தில் விரலை வைப்பார், நான்தான் சொன்னேனே என்று கூடச் சொல்லமாட்டார், சாவியைப் பைக்குள் போடுவார், வியாழக்கிழமை காலை செய்துங்கநல்லூரில் பெரியவர் சட்டைக் கையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன்.

இருந்தாலும் மூன்று மொட்டையாகவும் ஒன்று கறுப்பாகவும் விட்டுவைக்க மனம் வரவில்லை. வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை, பாதி ரத்தத்தில் ஊசியை எடுப்போமா. நூலை எடுத்துக்கொண்டு பின்பக்க இடது சக்கரத்துக்குப் போனேன். இது சுவரை ஒட்டினாற்போல் இருக்கிற பக்கம், உட்கார இடம் போதாது, ஒருக்களித்து உட்கார்ந்து டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். திருகே இல்லை. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் வேறு மாதிரி, தட்டைத் தலை. கரண்டியைக் கொடுத்து நெம்பினேன், டப் வரவில்லை, சர்ரென்று ஒரு சத்தம், புடவையில் ஒட்டின ஸ்டிக்கரைப் பிய்ப்பது போல. உள்ளே கிளிப் ஒன்று கூட இல்லை. எல்லாம் இரண்டு பக்கம் ஒட்டும் டேப், தடித்தடியாக, அவசரத்தில் ஒட்டின மாதிரி கோணல்மாணலாக. பிய்த்து எடுத்தேன். உள்ளே இருந்தது பளபளப்பான மெரூன் இல்லை. ஒரு கை அகலத்துக்கு மேடும் பள்ளமுமாக, சிவப்புதான், ஆனால் வேறு சிவப்பு, செங்கல் மாதிரி, நடுவில் விரிசல் விட்டு உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், பொடியாக வந்தது. கிளிப் ஓட்டை ஆறில் நாலைக் காணோம்.

"என்ன பியூலா, வண்டிய உரிச்சிட்டு இருக்கியா?" அடுத்த வீட்டு ஆறுமுகநயினார் அண்ணாச்சி காம்பவுண்ட் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். அரசு பஸ் டிப்போவில் முப்பது வருஷம் பாடி கட்டுகிற பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் வண்டி எடுப்பது தெருவுக்கே தெரியும், அவர் வீட்டம்மாவுக்கு மாதம் ஒருதடவை சர்க்கரை பார்ப்பதே நான்தான், ஆனால் ஒருத்தரும் மஸ்கட்டுக்குச் சொன்னதில்லை. அதை நினைத்தால் சில நாள் நெஞ்சு நிறைந்துவிடும். "அண்ணாச்சி, இது என்னன்னு பாருங்க" என்று டார்ச்சை அடித்துக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரில் வயிறு படக் குனிந்து பார்த்தார். "பட்டி பாத்திருக்கு" என்றார். "எங்கயோ நல்லா உரசி தகரம் உள்ள போயிருக்கு. டிங்கரிங் பண்ணி வெளிய எடுக்காம அப்படியே பட்டியப் பூசி பெயிண்ட் அடிச்சி மேல பிளாஸ்டிக்க ஒட்டிட்டானுவ. வேலை தெரிஞ்சவன் பாத்தது இல்ல."

"எப்ப அண்ணாச்சி நடந்திருக்கும்?"

"அது எப்படிச் சொல்ல. ரெண்டு வருஷம் இருக்கும். பட்டி வெடிச்சிருக்கு பாத்தியா." பிறகு என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "நான் ஒண்ணும் பாக்கல தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டினது ஒரே ஒரு ஆள். ஜூலை மாதம், அந்த லீவில், நாகர்கோவிலில் அவர் சிநேகிதர் மகள் கல்யாணம், எனக்குக் காய்ச்சல், தனியாகப் போய் வந்தார். வந்ததும் வண்டியை இடது பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினார், எப்போதும் நடுவில் நிறுத்துகிறவர், அந்தப் பக்கம் கதவைத் திறக்க முடியாமல் சபைக்குப் போகும்போது நான் டிரைவர் பக்கமாக ஏறி நகர்ந்து உட்கார்ந்தேன், ஏன் இப்படி நிறுத்துறீங்க என்றேன், வெயில் படாது என்றார், சபையிலும் அப்படித்தான் நிறுத்தினார். நாலு நாள் அப்படி. அந்த நாலு நாளும் மனிதர் வேறு மாதிரி இருந்தார், யாரும் சொல்லாமல் ஏணி போட்டு ஏறி மூன்று ஃபேனையும் துடைத்தார், எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், காய்ச்சல் வந்ததால் என் மேல் இவ்வளவு பாசமா என்று நான் சந்தோஷப்பட்டது இப்போது கூட நினைவிருக்கிறது. ஐந்தாம் நாள் சர்வீஸ் விடுகிறேன் என்று கொண்டுபோனார், இரண்டு நாள் கழித்து வந்தது. அதற்கு அடுத்த வருஷம் என் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, இதே வண்டி, இதே பட்டி இதன் உள்ளே இருக்க, ஒரு கீறல் கிடையாது என்றார். பாவி மனிதர். கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம், டேப்பைப் பிய்த்த பிளாஸ்டிக்கைத் தரையில் அடித்தேன், அது ஆடிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டியது. பன்னிரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே ஒருவன், உனக்கு முடியாது உனக்கு முடியாது என்று, அவனுக்கு இருபது வருஷ லைசென்ஸும் ஒரு கை அகலப் பட்டியும் இருந்திருக்கிறது. போட்டோ எடு, அனுப்பு, ஒன்றும் எழுதாதே, போட்டோ மட்டும். போனை எடுத்து எடுத்தும்விட்டேன். இதைப் பார்த்தால் சாவியைக் கேட்கிற வாய் இருக்காது அவருக்கு. விரல் அனுப்புகிற இடத்துக்குப் போனது, போய் நின்றது. ஏனென்றால் அப்போதுதான் தோன்றியது, அவர் எதற்காக மறைத்தார். சொந்த வண்டி, சொந்தக் காசு, மேலே மேனேஜர் கிடையாது, அப்பா அம்மா இல்லை, ரினிஷா அப்போது பிளஸ் டூ, அவளுக்கு வண்டியில் எத்தனை சக்கரம் என்று கூடத் தெரியாது. இந்த வீட்டில் அவர் பயப்பட என்னைத் தவிர யார் இருக்கிறார்கள். யாரோ தெரியாத ஒரு பட்டறையில் வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீக்கிரம் முடிப்பா, வீட்டுல தெரியக்கூடாது என்று சொல்லியிருப்பார். நானும் பாண்டியிடம் அதேதான் சொன்னேன், ஏறக்குறைய அதே வார்த்தை. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தது. போட்டோவை அழித்தேன், நல்ல எண்ணத்தில் இல்லை, இதை வைத்து ஜெயித்தால் வாழ்நாள் முழுக்க இதை வைத்தேதான் ஜெயிக்க வேண்டியிருக்கும் என்று பட்டது. எனக்கு வண்டி வேண்டும், அவர் தலை குனிவது வேண்டாம். கையைக் கழுவினேன். நகத்துக்குள் இருந்த சிவப்புப் பொடி போகவில்லை. நாலு மணி.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. கட்டிலில் சாய்ந்திருந்தார், பின்னால் பாதி கட்டின அட்டைப்பெட்டிகள்.

"ம், ஸ்டார்ட் பண்ணு."

"பண்ணுதேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். புதன்கிழமை திருவனந்தபுரத்துக்கு டாக்ஸி அனுப்பல. நானே வாரேன்."

"நீ எதுக்கு அலையுத, யாரு கூட வருவ?"

"யாரு கூடயும் இல்ல. நான் ஓட்டிட்டு வாரேன்."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், "எட்டு மாசமா ஓட்டுதேன். லேபுக்கு, வீடு வீடா. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஆயிருக்கு. முன்னீர்பள்ளத்துல ஒரு கல்லுல உரசி முன்பக்கத்து இடது கிளாடிங் உடைஞ்சிட்டு. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மத்ததையும் இப்பத்தான் கழட்டுனேன். பொய் சொன்னது தப்புதான். வண்டி ஓட்டுனது தப்பு இல்ல. நீங்க வந்த பிறகும் காலைல ஒன்பது மணி வரைக்கும் வண்டி எனக்கு வேணும். எனக்காக பட்டினியா உக்காந்திருக்காங்க."

அவர் முகம் இறுகியது. அந்த முகம் எனக்குத் தெரியும், வாய் திறக்கப் போகிறது, வரப்போகிற வாக்கியமும் தெரியும். வாய் திறந்தது, பிறகு எங்கேயோ தட்டி நின்றது.

"மத்ததையும்னா?"

"நாலையும்."

"பின்னால இடது பக்கமும்?"

"ஆமா. அதையும்."

அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி பனியன் ஓரத்தில் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றித் துடைத்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் நாலு வார்த்தை இருந்தது, அண்ணாச்சி சொன்னதைச் சொன்னாலே போதும். சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. என்னைப் பார்க்காமல், அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆரல்வாய்மொழி தாண்டும்போது மெதுவாப் போ. இப்ப காத்து மாசம். அந்தப் பாலத்துல ஏறுனதும் காத்து வந்து வண்டிய ஓரத்துக்குத் தள்ளும், நமக்கே தெரியாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாகர்கோவில் போன அன்னைக்கு என்னையத் தள்ளிட்டு. நீ ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ."